தகரப்பெட்டியில் விரித்திருந்த போஸ்டர்

அந்த மனிதரை நான் முதலில் பார்த்தது கண்டியில், ஒரு படமாளிகையின் வாசலில். பழைய படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் கீறல் நீக்கிப் புதுப்பித்து மறுபடி ஓட்டினார்கள். ஞாயிறு காலைக் காட்சி. வாசலில் கட்டியிருந்த பெரிய பிளெக்ஸ் பதாகையை நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற வயதானவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுல மூஞ்சி நல்லா செவப்பா இருக்கு. போன தடவ இந்தப் படம் வந்தப்ப நாங்க ஒட்டினது பச்சை மூஞ்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பச்சை முகத்தைத்தான் நான் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ப்பது மறுவெளியீட்டுப் போஸ்டர்களை மட்டும். கேட்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்குவதில்லை. ஒரு படம் முதல் தடவை வரும்போது அடித்த போஸ்டரை யாராவது எங்காவது பத்திரமாக வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே படம் தேய்ந்த பிரதியாகத் திரும்பி வரும்போது, இங்கேயே ஏதாவது ஒரு சின்ன அச்சகத்தில், மலிவான தாளில், இரண்டே நிறத்தில் கொஞ்சமாக அடிப்பார்கள். மேலே தமிழ், கீழே சிங்களம். ஒரு வாரம் சுவரில் இருக்கும். மழை வந்தால் அதுவும் இல்லை. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதனாலேயே அது கிடைப்பதில்லை.

பல்லேகலையில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. தாளை விரலால் தடவிப் பார்த்தே அதன் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன். பேஸ்புக்கில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. சென்னையிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அங்கே என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. பச்சை முகப் போஸ்டரின் மங்கலான ஒரு படத்தை யாரோ எப்போதோ அந்தக் குழுவில் போட்டிருந்தார்கள். அசலை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அன்று படம் முடிந்ததும் அவரோடு பேச்சுக் கொடுத்தேன். முப்பது வருடம் ஒரு படமாளிகையில் டிக்கெட் கிழித்தவர். காலையில் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டப் போவதும் அவர்தான். கெலிஓயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் வீடு. மனைவியும், டவுனில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகும் மகளும் கூட இருந்தார்கள். மகன் கொழும்பில். "வாங்க தம்பி ஒரு நாளைக்கு. மிச்சம் மீதி என்னமாச்சும் கெடக்கும்" என்றார். அடுத்த சனிக்கிழமையே போய்விட்டேன்.

அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தந்தார். ஆறு போஸ்டர்கள். அதில் மூன்று நல்லவை. ஒன்றுமே வாங்கிக்கொள்ளாமல் கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த பழத்தைக்கூட, "எதுக்கு இதெல்லாம்" என்று சங்கடப்பட்டுத்தான் வாங்கினார். பச்சை முகம் அந்தச் சுருளில் இல்லை. கேட்டேன்.

"அது ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பெட்டிக்கு அடியில போட்டிருக்கேன்."

கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி. உடுப்புக்குக் கறை படாமல் இருக்க அடியில் தாள் விரிப்பார்களே, அப்படி விரித்திருந்தார். படம் உள்ள பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. அவர் உடுப்பை விலக்கி ஒரு மூலையை மட்டும் எனக்குத் தூக்கிக் காட்டினார். பச்சையும் செங்கல் நிறமும். வெயில் படாததால் மை நேற்று அடித்ததுபோல இருந்தது.

"ஐயா, இதைத் தாங்களேன். பெட்டிக்கு நான் புதுத் தாள் கொண்டாந்து போட்டுத் தாறேன்."

"இல்ல தம்பி. அது வேணாம். அது பெட்டியிலயே இருக்கட்டும்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் மறுப்பு உறுதியாகிவிடும் என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. இன்னும் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பேச்சைச் சுற்றி வளைத்துப் பெட்டிக்குக் கொண்டுவந்தேன். மூன்று தடவையும் அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார்.

பிறகு அவருக்குச் சீனி வருத்தத்தில் கால் புண் பெரிதாகி, பேராதனை ஆஸ்பத்திரியில் வாட்டில் இருந்தார். ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்க்கப் போனேன். என்னைக் கண்டதில் அவருக்குச் சந்தோஷம். பக்கத்துக் கட்டில்காரரிடம் "நம்ம தம்பி" என்று அறிமுகப்படுத்தினார். அரை மணித்தியாலம் பழைய படங்களைப் பற்றிப் பேசினோம். போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ பிடித்தேன். வீட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தவன் கெலிஓயா என்று சொன்னேன். மகள் மட்டும் வீட்டில் இருந்தாள். அவளுடைய அம்மா, அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்போதுதான் பஸ்ஸுக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, அப்பாவைப் பாத்துட்டுத்தான் வாறேன். அந்தப் பெட்டித் தாளை எடுத்துக்கச் சொன்னாரு."

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அதுவா? எடுத்துக்கிடுங்க அண்ணே" என்று பெட்டியை இழுத்து, உடுப்பையெல்லாம் கட்டிலில் எடுத்து வைத்துத் தந்தாள். அவள் உடுப்பை அடுக்கித் திரும்புவதற்குள் அடித்தாளைச் சுருட்டிக்கொண்டு, கொண்டுபோயிருந்த பிரவுண் தாளை நானே விரித்துக் கொடுத்தேன். ஆம், தாள் வாங்கிக்கொண்டுதான் போயிருந்தேன். வழியில் ஒரு கடையில் ஓட்டோவை நிறுத்தி வாங்கினேன். தற்செயலாகப் போனேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்து மேசையில் விரித்துப் பார்த்தபோதுதான் பின்பக்கத்து எழுத்தை முழுதாகப் பார்த்தேன். தடித்த பென்சிலால் அழுத்தி எழுதிய மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு கிழமை, ஒரு நேரம். நடு வரியைச் சுற்றி ஒரு வட்டம். அதில் வியாழன் என்று இருந்ததை வாசித்தேன். இது யாருக்கோ வேண்டிய எழுத்து என்று எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஆனால் தாள் மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் கோடுகள் முன்பக்கத்து முகத்தில் நிழலாகத் தெரிந்தன. பின்னால் மல்துணி ஒட்டிப் பலப்படுத்தினால் அந்த நிழல் நிரந்தரமாகிவிடும். ரப்பரை எடுத்தேன்.

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் குனிந்து பார்த்தாள். "யாரோ என்னமோ எழுதி வச்சிருக்காங்களே. ஒரு போட்டோவாச்சும் எடுத்துட்டு அழிங்க."

"பழைய ஷோ டைம் ஏதோ" என்றேன்.

முன்பக்கத்தை அன்று பதினான்கு படம் எடுத்தேன். பின்பக்கத்தை ஒன்றுகூட எடுக்கவில்லை. எடுத்தால் நான் அழித்தது என்ன என்று எனக்கே தெரிந்துவிடும். அரை மணி நேரம் மெதுவாக, தாள் கிழியாமல், வட்டமாகத் தேய்த்தேன். ரப்பர் தூளை ஊதித் தள்ளினேன். கோதுமை மாப் பசை காய்ச்சி, துணியை ஒட்டி, கண்ணாடிக்குக் கீழே வைத்து அழுத்தினேன். வேலை சுத்தமாக வந்தது. குழுவில் போட்டேன். இரண்டு நாள் போன் ஓயவில்லை. கனடாவில் இருந்த ஒருவர், இதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கியது என்று எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் மகள் போன் எடுத்தாள். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றாள். பிறகு, "அண்ணே, அந்தப் பெட்டித் தாள்ல பின்னால பென்சில்ல என்னமாச்சும் எழுதியிருந்துச்சா? அப்பா கேக்குறாரு" என்றாள்.

பக்கத்தில் அவர் இருமுவது கேட்டது. தன் பெயரைச் சொல்லி எடுத்தேன் என்று அவர் சண்டைக்கு வரவில்லை. எழுத்தை மட்டும் கேட்கிறார்.

"இல்லியே தங்கச்சி. வெறும் தாள்தான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

அவள் போனை விலக்கி, "ஒண்ணும் இல்லியாம்ப்பா" என்று சொன்னதும், அதற்கு அவர் "வேற தாளா இருக்குமோ?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தன. வைத்துவிட்டேன்.

அதோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளே என்னைக் கண்டு கிட்டே வந்தாள். இளைத்திருந்தாள்.

"அப்பாவுக்கு மறதி வந்திருச்சு அண்ணே. அன்னைலருந்து ஒரு தாளைத் தேடுறாரு. எழுதி வச்சேன், எழுதி வச்சேன்னு வீட்டையே பொரட்டிப் போடுறாரு. தலகாணிய எல்லாம் பிரிச்சிட்டாரு. அம்மா நெருப்புப்பெட்டிய ஒளிச்சு வக்கிது. அடுத்த வாரம் மறதிக்குப் பாக்குற கிளினிக்குக்குக் கூட்டிப் போகணும். நீங்க வந்து கொஞ்சம் பேசுனீங்கன்னா கேப்பாரு."

அன்றே அவளோடு போனேன். முன்னறையில் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. பழைய பில்கள், கலண்டர் தாள்கள், பிள்ளைகளின் கொப்பிகள் தரை முழுக்க. அதன் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு, தாள்களை ஒதுக்கினார்.

"வாங்க தம்பி. எனக்கு மண்டை சரியில்ல. அந்தப் போஸ்டர்லதான் எழுதினேன்னு கண்ணுக்குள்ளயே நிக்கிது. நீங்க இல்லைங்கிறீங்க. நீங்க ஏன் பொய் சொல்லப் போறீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்தேன். "வயசுக்கு எல்லாருக்கும் வாறதுதான் ஐயா" என்றேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸில் வந்தேன். அந்த முழு விஷயத்திலும் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது அந்த ஒரு வாக்கியம்தான்.

கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முதல் நாள், தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டுக் காலையில் திரும்பவும் போனேன். அவர் வாசலில் கதிரையில் இருந்தார். மகள் வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ஐயா, அந்தத் தாள்ல எழுத்து இருந்துச்சு. பென்சில்ல மூணு வரி. நான்தான் ரப்பர் போட்டு அழிச்சேன். தங்கச்சி போன்ல கேட்டப்ப பொய் சொன்னேன். நீங்க எடுத்துக்கச் சொன்னதாச் சொல்லி எடுத்ததும் பொய்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா."

"மூணு வரியா?"

"மூணு வரி. நடு வரியைச் சுத்தி ஒரு வட்டம்."

கதிரையின் கையை ஓங்கித் தட்டினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏ புள்ள! இங்க வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "நான் சொன்னேன்ல? வட்டம் போட்டேன்னு சொன்னேன்ல? தம்பி பாத்திருக்காரு! என் மண்டையில ஒண்ணும் இல்ல!"

அவர் சிரித்தார். என்னைத் திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அந்தச் சிரிப்புக்கு நான் தயாராக இருக்கவில்லை. தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவனுக்கு, புத்தி திரும்பக் கிடைத்துவிட்டது என்று அவர் நன்றி சொல்வதுபோல இருந்தது.

அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நடு வரியில என்ன தேதி?"

"வியாழக்கிழமைன்னு இருந்துச்சும்மா. தேதி... எனக்கு ஞாபகம் இல்ல."

அந்த அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். அவர்தான் சொன்னார். மூன்று வரியும் மூன்று பிள்ளைகள் பிறந்த நாள். மூத்தவனுக்கும் கடைசி மகளுக்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. நடுவில் ஒரு பெண் பிள்ளை. ஒன்பது நாள் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை, எங்கும் பதியவும் இல்லை. பிள்ளை பெற்ற கையோடு தான் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாராம். டிசம்பர் மாதம் என்பதும், எந்த வருடம் என்பதும் தெரியும். நாள் தெரியாது. ஒவ்வொரு டிசம்பரிலும் கணவர் தனியே பெட்டியைத் திறந்து தேதியைப் பார்த்து வந்து சொல்வார்; எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று மனைவியும் மகளும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு விளக்கு வைப்பார்கள். அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்கு.

"எனக்குத் தேதி மனசுல நிக்காது தம்பி" என்றார் பெரியவர். சிரிப்பு போயிருந்தது. "அதுக்குத்தானே எழுதி வச்சேன்."

சனிக்கிழமை போஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் குப்புற விரித்து, ஈரத்துணி போட்டுப் போட்டுப் பசையை ஊறவைத்தேன். துணியை உரிக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. செங்கல் நிற மை கரைந்து மேசையில் ஓடியது. பச்சை முகத்தின் கன்னம் கையோடு வந்தது. அப்போதும் எனக்குள் ஒருவன் அந்தப் போஸ்டருக்காக அழுதுகொண்டிருந்தான். இதை மறைத்தால் இவ்வளவு எழுதியும் பயனில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு, மகள் போன் லைட்டைத் தாளுக்குப் பக்கவாட்டில் பிடித்தாள். பென்சில் அழுத்தியதில் பதிந்த பள்ளங்கள் அங்கங்கே மிச்சம் இருந்தன. நடு வரியில் வட்டத்தின் பாதி. 'வியா' என்ற எழுத்துகள். தேதி இருந்த இடத்தில் தலை வளைந்த ஒரே ஒரு கோடு. அது ஏழாக இருக்கலாம், இருபத்தொன்றின் கடைசி ஒன்றாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் இரண்டு இருந்ததா இல்லையா என்று பார்க்க முடியாதபடி அந்த இடத்தில் நான் அழுத்தித் தேய்த்திருந்தேன். போனில் அந்த வருடத்துக் கலண்டரைப் பார்த்தோம். ஏழும் வியாழன். இருபத்தொன்றும் வியாழன்.

"எதுங்க?" என்று அந்த அம்மா கணவரைக் கேட்டார்.

அவர் இரண்டு எண்களையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கண்ணீர் வந்தது. "ரெண்டும் சரியா இருக்க மாதிரித்தான் இருக்கு."

"அப்ப ரெண்டு நாளும் வக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

தாள் காய்ந்ததும் பெரியவர் என்னிடம் ஒரு பேனாவை நீட்டினார். தனக்குக் கை நடுங்குகிறது, மூன்று வரியையும் என்னையே எழுதித் தரச் சொன்னார். நான் கையை நீட்டினேன். மகள் குறுக்கே வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"நான் எழுதுறேன்ப்பா."

நடு வரியில் இரண்டு தேதியையும் எழுதி முடித்துவிட்டு, தாளைத் திரும்பப் பெட்டியில் விரித்தாள். பிறகு என்னோடு பாதைவரை வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு மாசமா அப்பாவ அதட்டியிருக்கேன்" என்றாள். "ஒரு நாள் கையிலருந்த தாளைப் புடுங்கிக் கிழிச்சேன். பைத்தியம்னு சொன்னேன். நீங்க செஞ்சத நீங்க வந்து சொல்லிட்டீங்க. நான் சொன்னத நான் எங்க போய்ச் சொல்றது?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. "இனி வராதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சேர்ப்பதை விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. விடவில்லை. போன மாதம்கூட மாத்தளையில் ஒரு கடைக்காரரிடமிருந்து இரண்டு வாங்கினேன். அலுமாரி நிறையத்தான் இருக்கிறது. குழுவில் பச்சை முகத்தைப் பற்றி இன்னும் கேட்கிறார்கள். உரியவரிடம் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பெரிய மனது என்று ஒருவர் பாராட்டினார். அதைத் திருத்தி எழுத உட்கார்ந்து, நாலு வரி எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அவர் மட்டும் எப்போதாவது போன் எடுக்கிறார். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுக்கிறார் என்று நினைக்கிறேன், மெதுவான குரலில்தான் பேசுவார். எந்தப் பழைய படம் திரும்ப வருகிறது என்று கேட்பார். கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன். டிசம்பர் பிறந்து இரண்டாவது வாரம் அப்படி எடுத்தபோது, "ஏழாந்தேதி வச்சோம் தம்பி. இன்னொண்ணு இருக்கு" என்றார். சரி ஐயா என்றேன். பிறகு உள்ளே யாரோ வரும் சத்தம் கேட்டது. அவர் வைத்துவிட்டார்.